மடங்கிய சுண்டு விரலுக்கு அறுவை சிகிச்சை: எப்போது, எது?

கேள்வி: எனக்கு வயது 57. தையல் தொழில். ஐந்தாறு வருடங்களுக்கு முன் இடது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே ஒரு சின்ன முடிச்சு வந்தது. வலி இல்லாததால் காய்ப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அது மெல்ல ஒரு கயிறாக நீண்டது. இப்போது மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கி நிற்கின்றன. மெஷினில் துணியை விரித்துப் பிடிக்க முடியவில்லை. முகம் கழுவினால் விரல் கண்ணில் குத்துகிறது. ஒரு டாக்டர், ஆபரேஷன் செய்து அந்தத் திசுவை எடுக்க வேண்டும் என்கிறார். அவர் எழுதிக் கொடுத்த அளவு: மோதிர விரல் அடி மூட்டில் 45 டிகிரி, சுண்டு விரல் அடி மூட்டில் 30, நடு மூட்டில் 50. இன்னொரு டாக்டர், கத்தியே வேண்டாம், ஊசியால் அறுத்து விரலை நிமிர்த்திவிடலாம் என்கிறார். உறவினர்களோ, கையில் கத்தி வைத்தால் நரம்பு போய்விடும், எண்ணெய் போட்டு நீவிவிட்டால் போதும் என்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சிகரெட் பழக்கம் உண்டு. என் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் விரல் இப்படித்தான் இருந்தது. வலது உள்ளங்கையிலும் இப்போது ஒரு முடிச்சு தெரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்? என் மகனுக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகள் சரியாக எடுக்கப்பட்டவை என்றால், உங்கள் சுண்டு விரலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். மோதிர விரல் மட்டும் மடங்கியிருந்தால் இவ்வளவு அவசரப்படுத்தியிருக்க மாட்டேன். ஒரே கை, ஒரே நோய். ஆனாலும் இரண்டு விரல்களுக்கும் அவசரம் ஒன்றல்ல. அதற்குக் காரணம் எந்த மூட்டு மடங்கியிருக்கிறது என்பதுதான். அது புரிந்துவிட்டால் இரண்டு டாக்டர்களும் ஏன் வேறுவேறு யோசனை சொன்னார்கள் என்பதும் புரியும்.

இந்த நோய்க்கு டுபுய்ட்ரன் சுருக்கம் என்று பெயர். உள்ளங்கைத் தோலுக்கும் அதற்குக் கீழே ஓடும் தசைநார்களுக்கும் நடுவில் உறுதியான ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கோட்டுத் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே நீங்கள் கேன்வாஸ் வைப்பீர்களே, கிட்டத்தட்ட அதுபோல. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கைத் தோல் வழுக்கிக்கொண்டு போகாமல் இருப்பது இந்தப் படலத்தால்தான். சிலருக்கு நடு வயதைத் தாண்டியதும் இதில் சுருங்கி இழுக்கும் தன்மையுள்ள செல்கள் பெருக ஆரம்பிக்கின்றன. முதலில் முடிச்சு வரும். பிறகு அது விரலை நோக்கிக் கயிறாக நீளும். செல்கள் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கின்றன. இழுத்த இடத்திலேயே புதிய கொலாஜன் நார் படிந்து இறுகிவிடுகிறது. அதனால் மடங்கிய விரல் தானாகத் திரும்ப நிமிர்வதில்லை.

எண்ணெய் விஷயத்துக்கு இங்கேயே பதில் வந்துவிட்டது. படிந்து இறுகிய நாரை வெளியிலிருந்து நீவித் தளர்த்த முடியாது. வெந்நீர் ஒத்தடம், விரலைப் பிடித்து இழுக்கும் பயிற்சி, இரவில் பட்டை கட்டிக்கொள்வது என்று பலரும் பல மாதங்கள் முயன்று பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். கயிறு இளகியதை நான் பார்த்ததில்லை. நல்லெண்ணத்தோடு சொல்லும் உறவினர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் நடு மூட்டு இறுகிக்கொண்டே போகிறது என்பதுதான் என் கவலை.

தையல் வேலையால்தான் இது வந்தது என்று உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். இதில் பெரும்பங்கு பரம்பரைக்கு. உங்கள் அப்பாவின் விரலே அதற்குச் சாட்சி. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். வயது ஏற ஏற அதிகம். சர்க்கரை நோய், புகை, மது ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு காணப்படுகிறது. பல ஆண்டுகள் அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்தவர்களிடமும் கூடுதலாகத் தென்படுகிறது. தையல் மெஷின் அந்த வகையில் சேராது.

விரல் மடங்குவதெல்லாம் இந்த நோய் என்று மற்ற வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. காலையில் விரல் சிக்கிக்கொண்டு, பிறகு டக்கென்று விடுபட்டால் அது டிரிகர் ஃபிங்கர், சிகிச்சையே வேறு. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்குவதோடு மரத்தும் போனால், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றினால், நரம்பைச் சோதிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு எல்லா விரல்களும் விறைத்து, கைகூப்பினால் உள்ளங்கைகள் ஒட்டாமல் இடைவெளி தெரியும். உங்களுக்கு முடிச்சு, கயிறு, அப்பாவின் கதை எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன. ஆனாலும் சர்க்கரை இருப்பதால், அந்த விறைப்பும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு கை தேற நாளாகும்.

இனி மூட்டுக்கு வருவோம். விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தை அடி மூட்டு என்கிறேன். அதற்கு அடுத்தது நடு மூட்டு. அடி மூட்டின் இரு பக்கமும் உள்ள பிணைப்பு நார்கள், விரல் மடங்கியிருக்கும்போதுதான் முழு நீளத்துக்கு இழுபட்டு இருக்கும். அதனால் அந்த மூட்டு வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்தாலும் நார்கள் குட்டையாவதில்லை. கயிற்றை அறுத்துவிட்டால் பெரும்பாலும் முழுதாக நிமிர்ந்துவிடும். நடு மூட்டில் இது தலைகீழ். அது மடங்கிய நிலையிலேயே இருந்தால் முன்பக்கத்துத் தடித்த நார்த்தட்டும் பக்கத்து நார்களும் குட்டையாகி ஒட்டிக்கொள்கின்றன. விரலை நிமிர்த்தும் முதுகுப்பக்கத் தசைநார் இழுபட்டுத் தொய்ந்துபோகிறது. உள்பக்கத் தோலும் போதாமல் போகிறது. அப்புறம் கயிற்றை முழுதாக எடுத்தாலும் மூட்டு நிமிராது, ஏனென்றால் இப்போது மூட்டே தன்னைப் பிடித்துவைத்திருக்கிறது. எல்லா விரல்களிலும் இதில் அதிகம் தொல்லை கொடுப்பது சுண்டு விரலின் நடு மூட்டுதான்.

அதனால்தான் அடி மூட்டு சுமார் 30 டிகிரி மடங்கும்வரை பொறுத்திருக்கலாம் என்றும், நடு மூட்டு மடங்க ஆரம்பித்துவிட்டாலே சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் கை அறுவை சிகிச்சை நிபுணர்கள் பொதுவாகச் சொல்கிறோம். உங்கள் மோதிர விரலின் 45 டிகிரி எனக்குப் பெரிய கவலை தரவில்லை. சுண்டு விரலின் 50 டிகிரிதான் கவலை தருகிறது. அது முழுதாக நேராகிவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். பாதிக்கு மேல் குறைந்து, துணி மேல் கையை விரித்து வைக்கும் அளவுக்கு வந்தாலே நல்ல பலன் என்று நான் கருதுவேன். கொஞ்சம் வளைவு மிஞ்சலாம். இன்றைக்கு 50 டிகிரியில் செய்வதற்கும் நாளைக்கு 80 டிகிரியில் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரிது. விரல் உள்ளங்கையைத் தொடும் அளவுக்கு மடங்கி, இடுக்கில் ஈரம் தங்கிப் புண்ணாகும் நிலைக்குப் போய்விட்டால், மூட்டை ஒரு கோணத்தில் நிலைநிறுத்துவது, சில வேளை விரலையே எடுத்துவிடுவது என்பது போன்ற யோசனைகள்தான் மிஞ்சும்.

சரி, ஊசியா, ஆபரேஷனா?

ஊசி முறையில், தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசி முனையால் கயிற்றைப் பல இடங்களில் துளைத்து நைந்துபோக வைத்து, பிறகு விரலை நிமிர்த்திக் கயிற்றை முறித்துவிடுவார்கள். தையல் இல்லை, சில நாட்களில் வேலைக்குத் திரும்பலாம். உள்ளங்கையில் மட்டும் கயிறு ஓடி, அடி மூட்டு மட்டும் மடங்கியவர்களுக்கு இது அருமையான வழி. வயதானவர்களுக்கும், பெரிய ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கும் நானே இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால், நோயுள்ள திசு அப்படியே உள்ளே இருக்கிறது. நெதர்லாந்தில் இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடி மடங்கியது ஊசி முறையில் சுமார் 85 சதவீதம், திசுவை வெட்டி எடுத்த ஆபரேஷனில் சுமார் 21 சதவீதம். ஊசி முறையைத் திரும்பச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் நடு மூட்டை அது நன்றாக நிமிர்த்துவதில்லை. விரலுக்குள் கயிறு நரம்பை ஒட்டி ஓடுவதால், கண்ணால் பார்க்காமல் ஊசியை அங்கே கொண்டுபோவதிலும் ஆபத்து இருக்கிறது. உங்களுக்கு ஊசி சொன்ன டாக்டர் மோதிர விரலை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சுண்டு விரலுக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

கயிற்றைக் கரைக்கும் நொதி ஊசி ஒன்றும் உண்டு. ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் கொலாஜனேஸ் அது. அமெரிக்காவில் 2010-ல் அனுமதி பெற்றது. 2020-ல் வணிகக் காரணங்களுக்காக ஐரோப்பா உட்படப் பல சந்தைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டனில் இந்த ஊசியையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டு 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு வருட முடிவில் ஆபரேஷனுக்கே பலன் அதிகம் என்று தெரிந்தது. அதனால் இது கிடைக்கவில்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது முதல் டாக்டர் சொன்னதைத்தான்: சுருங்கிய திசுவை மட்டும் வெட்டி எடுக்கும் ஆபரேஷன். இரண்டு விரல்களுக்கும் ஒரே தடவையில் செய்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். முழு மயக்கம் தேவையில்லை. கையை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதும். ரத்தம் மறைக்காமல் இருக்கக் கையின் மேல்பகுதியில் காற்றுப்பட்டை கட்டுவார்கள். தோலை நேர்கோட்டில் கீறாமல் வளைந்து வளைந்து கீறுவார்கள். நேர்கோட்டுத் தழும்பு ஆறும்போது சுருங்கி, விரலை மறுபடி இழுத்துவிடும் என்பதே காரணம். பிறகு, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, விரலின் இரு பக்கமும் ஓடும் நரம்பையும் ரத்தக் குழாயையும் முதலில் தேடிப் பிரித்து வைத்துக்கொண்ட பிறகே கயிற்றை எடுப்பார்கள்.

உங்கள் உறவினர்களின் பயம் இந்த இடத்தைப் பற்றியதுதான். அது வெறும் வீண் பயமும் அல்ல. கயிறு சிலருக்கு நரம்பைச் சுற்றிப் புரிபோல ஓடும். அது சுருங்கச் சுருங்க, ஓரமாக இருக்க வேண்டிய நரம்பை விரலின் நடுப்பக்கமாகவும் தோலுக்கு மிக அருகிலும் இழுத்து வந்துவிடும். தெரியாமல் வெட்டினால் முதலில் அகப்படுவது நரம்புதான். ஆனால் இப்படி நடக்கும் என்று கைச் சிகிச்சை நிபுணருக்குத் தெரியும். முதல் முறை ஆபரேஷனில் நரம்பு வெட்டுப்படுவது 100 பேரில் சிலருக்கு மட்டுமே. வெட்டுப்பட்டாலும் அந்த விரலின் ஒரு பக்கம் மரத்துப்போகுமே தவிர, கை விளங்காமல் போகாது; அங்கேயே நரம்பைத் தைத்தும் விடலாம். நரம்பைத் தொட்டு நகர்த்தியதால் வரும் தற்காலிக மரப்பு நிறையப் பேருக்கு வரும். வாரங்களில், சில சமயம் மாதங்களில் சரியாகும். இந்த நோய்க்குப் பெயர் தந்த பாரிஸ் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் டுபுய்ட்ரன் 1831-ல் ஒரு மது வியாபாரியின் கையில் இதைச் செய்துகாட்டியபோது மயக்க மருந்தே கிடையாது. நோய் தசைநாரில் இல்லை, இந்தப் படலத்தில்தான் இருக்கிறது என்று தெளிவாகக் காட்டிக் கயிற்றை மட்டும் அறுத்து விரலை நிமிர்த்தினார். அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, இந்த நரம்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பதைப் பற்றியதுதான்.

விரலை நிமிர்த்திய பிறகு தோல் போதாமல் போகலாம். சிறிய குறை என்றால் தோலை இசட் வடிவில் மாற்றி வைத்துத் தைப்பார்கள். சில சமயம் உள்ளங்கையில் ஒரு கீறலைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். மூன்று முதல் ஐந்து வாரங்களில் தானே மூடிவிடும். உள்ளே ரத்தம் கட்டாமல் இருப்பதால் வலியும் குறைவாகவே இருக்கும். தோலும் நோயோடு ஒட்டிப்போயிருந்தாலோ, ஏற்கெனவே ஆபரேஷன் செய்த விரல் திரும்ப மடங்கினாலோ, தோலையும் சேர்த்து எடுத்துவிட்டு வேறு இடத்துத் தோலை ஒட்டவைப்பதுண்டு. முதல் தடவையான உங்களுக்கு அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

நரம்பைவிட எனக்கு உங்கள் விஷயத்தில் அதிகக் கவலை சிகரெட்டைப் பற்றித்தான். நிகோடின் விரலின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வெகுநாள் மடங்கியிருந்த விரலை நிமிர்த்தும்போது அந்தக் குழாய்கள் ஏற்கெனவே இழுபட்டு இருக்கும். அதோடு சர்க்கரையும் சேர்ந்தால் தோலின் ஓரம் கருகலாம், புண் ஆறத் தாமதமாகலாம், சீழ் பிடிக்கலாம். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பாவது சிகரெட்டை நிறுத்துங்கள். புண் முழுதாக ஆறும்வரை தொடாதீர்கள். அதற்குப் பிறகும் தொடாமல் இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு தேதி குறியுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஆபரேஷனில் பாதிதான் டாக்டர் கையில். மீதி, அதற்குப் பின் வரும் வாரங்களில் உங்கள் கையில். முதல் சில நாட்கள் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். தொங்கவிட்டால் வீங்கும், வீங்கினால் விறைக்கும். முதல் வாரத்திலேயே பிசியோதெரபிஸ்ட் விரலை அசைக்கச் சொல்லுவார். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அசைக்காமல் இருப்பவர்களுக்குத்தான் பிரச்சினை வருகிறது. நிமிர்த்துவது மட்டுமல்ல, மடக்குவதும் முக்கியம். விரல் நேராகி, ஆனால் முஷ்டி பிடிக்க முடியாமல் போனால் தையல்காரருக்கு அது பெரிய நஷ்டம். தையல் பிரிப்பது சுமார் இரண்டு வாரத்தில். இரவில் விரலை நீட்டி வைக்கும் ஸ்பிளின்ட்டை எல்லோருக்கும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. எல்லோருக்கும் கொடுப்பதால் கூடுதல் பலனில்லை என்று பிரிட்டனில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் விரல் திரும்ப மடங்கத் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் நான் அதைத் தருகிறேன். உங்கள் டாக்டர் தந்தால் மறுக்க வேண்டாம். நடு மூட்டு அவ்வளவு மடங்கியிருந்ததால் உங்களுக்கு அது தேவைப்படலாம்.

மெஷினில் லேசான வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்பலாம். கெட்டித் துணி, நீண்ட நேர வேலை என்றால் இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். தழும்பு பல மாதங்களுக்குக் கெட்டியாகவும் தொட்டால் கூசுவதாகவும் இருக்கும். அதை முடிச்சு திரும்பிவிட்டதாக நினைத்துப் பயப்படாதீர்கள். உங்கள் உறவினர்கள் சொன்ன எண்ணெய் இங்கேதான் உதவும்: புண் முழுதாக மூடிய பிறகு தழும்பை எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்தால் அது இளகும். ஆனால் வீக்கத்துக்குப் பொருந்தாத கடும் வலி, எரிச்சல், கை பளபளப்பாகச் சிவந்து விறைப்பது ஆகியவை தெரிந்தால் உடனே போய்க் காட்டுங்கள். அரிதாக வரும் ஒரு வலி நோய் அது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால்தான் கட்டுப்படும்.

இந்த ஆபரேஷன் மடங்கிய விரலைத்தான் சரிசெய்கிறது. நோயின் சுபாவத்தை மாற்றுவதில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வரலாம், வேறு விரலுக்கும் பரவலாம். சின்ன வயதிலேயே தொடங்கியவர்கள், இரண்டு கைகளிலும் உள்ளவர்கள், குடும்பத்தில் பலருக்கு உள்ளவர்கள், விரல் முதுகின் கணுக்களிலோ உள்ளங்காலிலோ முடிச்சு உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: கை அறுவை சிகிச்சையில் உங்களுக்குத் தனிப் பயிற்சி உண்டா, இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறீர்களா, என் சுண்டு விரலின் நடு மூட்டு எவ்வளவு நிமிரும் என்று எதிர்பார்க்கிறீர்கள், பிறகு பயிற்சி தர யார் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் ஒரு எண்ணோடும் கொஞ்சம் தயக்கத்தோடும் பதில் சொன்னால், அவரிடம் நம்பிக்கையோடு கையைக் கொடுப்பேன்.

வலது கை முடிச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். விரல் மடங்காதவரை முடிச்சை மட்டும் வெட்டி எடுப்பதால் லாபம் இல்லை. பல முடிச்சுகள் வருடக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை வலது உள்ளங்கையை மேஜை மேல் பதித்துப் பாருங்கள். விரல்களும் உள்ளங்கையும் தட்டையாகப் படிகிற வரை பொறுக்கலாம். படியவில்லை என்றால், இடது கைக்கு ஆனதுபோல் வருடங்களைக் கடத்தாமல் காட்டிவிடுங்கள்.

மகனுக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நிச்சயம் இல்லை. இந்தப் பரம்பரைக் கூறு உள்ளவர்கள் எல்லோருக்கும் விரல் மடங்குவதில்லை. சிலருக்கு முடிச்சோடு நின்றுவிடுகிறது. அவருக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, தடுக்கும் மருந்தும் கிடையாது. புகைபிடிக்காமல் இருக்கட்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு அவரும் எப்போதாவது அதே மேஜைச் சோதனையைச் செய்து பார்த்துக்கொள்ளட்டும்.